மாசசூசெட்ஸ், நவம்பர் கடைசி: விளக்கடியில் சாம்பல் அந்துப்பூச்சிகள், எந்த ஆப்பரோப்டெரா?

கேள்வி:
கிழக்கு மாசசூசெட்ஸில் இருக்கிறேன். இந்த வாரம் இரவில் உறைகிற குளிர், ஆனாலும் வாசல் விளக்கைச் சுற்றி சாம்பலும் பழுப்பும் கலந்த அந்துப்பூச்சிகள் இருபதுக்குமேல் வருகின்றன. சிறகு விரித்தால் ஓர் அங்குலம் இருக்கும், முன்சிறகில் மங்கலான அலைக்கோடுகள். ஆப்பரோப்டெரா என்ற அந்துப்பூச்சிப் பேரினம் என்று நினைக்கிறேன்; அதில் ஐரோப்பாவிலிருந்து வந்த புரூமேட்டா இனமா, இங்கேயே பிறந்து வளர்ந்த புரூஸ் ஸ்பேன்வார்ம் இனமா? எத்தனை படம் எடுத்துப் பார்த்தாலும் இரண்டுமே ஒன்றுபோலத்தான் தெரிகின்றன.

பதில் 1:
படத்தை வைத்துச் சொல்ல முடியாதுங்க, யாராவது உறுதியாகச் சொன்னால் நம்பாதீர்கள். ஆண் பூச்சியின் வயிற்று நுனியில் இருக்கும் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும், இல்லையென்றால் டிஎன்ஏ. உங்கள் பகுதியில் இரண்டும் கலந்து கலப்பினமும் உண்டாகிறது, அதனால் நுண்ணோக்கியிலும் சில இடைப்பட்டதாகத் தெரியும். பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி ஆண்களைப் பிடிக்கும் பெரோமோன் பொறியும் உதவாது, ஒரே வாசனைக்கு இரண்டு இனத்து ஆண்களும் வரும். 'ஆப்பரோப்டெரா' என்று பேரினத்தோடு நிறுத்திப் பதிவு செய்யுங்கள், அதுவே நேர்மையான பதிவு. நாலைந்து ஆண்களை உறைபெட்டியில் எடுத்து வையுங்கள், பிறகு பரிசோதிக்கலாம்.

பதில் 2:
அதற்கு முன்னால், அது ஆப்பரோப்டெராதானா என்று பாருங்கள். ஃபால் கேங்கர்வார்ம் என்கிற அல்சோஃபிலா பொமெட்டேரியாவும் இதே குளிரில்தான் வரும், அதன் பெண்ணுக்கும் பறக்கச் சிறகில்லை. விளக்கை விட்டுவிட்டு டார்ச்சோடு மரத்தண்டுக்குப் போங்கள், பெண்கள் அங்கேதான் ஏறிக்கொண்டிருக்கும். கேங்கர்வார்ம் முட்டைகளை நெருக்கமாக வரிசைகட்டி ஒட்டிவைக்கும், ஆப்பரோப்டெரா பட்டை இடுக்கில் ஒன்றிரண்டாகச் செருகிவிடும். வசந்தத்தில் முழம் போட்டு நகரும் புழு கிடைத்தால் வயிற்றுக்கால்களை எண்ணுங்கள்: ஆப்பரோப்டெராவுக்கு இரண்டு ஜோடி, ஃபால் கேங்கர்வார்முக்கு அவற்றோடு முன்னால் குட்டையாக இன்னொரு ஜோடி.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இப்போதுதான் டார்ச்சோடு போய்ப் பார்த்தேன், மேப்பிள் தண்டில் குட்டைச் சிறகுத் துணுக்குகளோடு இரண்டு பெண் பூச்சிகள்! வரிசை முட்டை எங்கும் இல்லை. ஆறு ஆண்களை உறைபெட்டியில் வைத்துவிட்டேன்.

பதில் 1:
அருமை! தேதி, மரம், இடம் மூன்றையும் துண்டுச்சீட்டில் எழுதி கூடவே போடுங்கள். புரூமேட்டாவைக் கட்டுப்படுத்த உங்கள் மாநிலத்தில் சைசெனிஸ் அல்பிகன்ஸ் என்ற ஒட்டுண்ணி ஈயை விட்டிருக்கிறார்கள், அது இலையில் இடும் முட்டையைப் புரூமேட்டா புழு இலையோடு சேர்த்துத் தின்றுவிடும், உள்ளே பொரிக்கும் ஈயின் புழு அதைக் கொன்றுவிடும். அதன்பின் எந்த இனம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்க்க, இனம் உறுதியான பூச்சிகள்தான் வேண்டும்.