பதினான்கே எபிசோடு, இன்னும் கலையாத கூட்டம்: ஃபயர்ஃப்ளை ரசிகர் குழு நடத்துவோர் அனுபவப் பகிர்வு

சீரியல்பித்து

குழு நடத்துகிறவர்கள், நடத்த நினைக்கிறவர்கள் கைக்குறிப்புகளை இங்கே போடுங்கள். சொந்தக் கதை வேண்டாம், அடுத்தவருக்கு உதவும் விவரம் போதும்.

புதிதாக வருகிறவர்களுக்கு: ஃபயர்ஃப்ளை, ஜாஸ் வீடன் உருவாக்கிய விண்வெளி வெஸ்டர்ன், அதாவது விண்வெளியில் நடக்கும் கௌபாய் பாணித் தொலைக்காட்சித் தொடர். அமெரிக்காவில் ஃபாக்ஸ் சேனலில் 2002 செப்டம்பர் 20, வெள்ளி இரவில் தொடங்கி அதே டிசம்பரில் நிறுத்தப்பட்டது. எடுத்தது 14, அப்போது ஒளிபரப்பானது 11. கதையில் போரில் தோற்ற அணிக்குப் பழுப்புக் கோட்டு. ரசிகர்களும் தங்களுக்கு ‘பிரவுன்கோட்’ என்றே பெயர் வைத்துக்கொண்டார்கள். ரசிகர் சந்திப்புக்குப் பெயர் ‘ஷிண்டிக்’, அதுவும் ஒரு எபிசோடின் தலைப்புதான்.

முதலில் வரிசை. ஃபாக்ஸ் ‘தி டிரெயின் ஜாப்’ எபிசோடை முதலில் போட்டு, இரண்டு மணி நேர பைலட்டான (கதையைத் தொடங்கிவைக்கும் அறிமுக எபிசோடான) ‘செரினிட்டி’யை டிசம்பர் 20இல்தான் காட்டியது. அந்த வரிசையில் பார்ப்பவருக்கு, கப்பலில் யார் யார், ஏன் இருக்கிறார்கள் என்பதே புரியாது. 2003 டிசம்பரில் வந்த டிவிடி வரிசைதான் சரி. ஸ்ட்ரீமிங்கில் போட்டாலும் பைலட் முதலில் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சேர்த்தால் சுமார் 11 மணி நேரம். ஒரே நாளில் முடிக்கலாம் என்று ஆசை வரும், செய்யாதீர்கள். எட்டாவது எபிசோடு ‘அவுட் ஆஃப் கேஸ்’ மூன்று காலங்களை முன்னும் பின்னுமாகக் கோர்த்தது. மாரத்தானில் அது மாலை நாலு மணிக்கு வந்து விழும், பாதிப் பேர் கண் சொருகிக் கிடப்பார்கள். தொடரின் மிகச் சிறந்த எபிசோடு அப்படி வீணாகும். நான்கு அமர்வாகப் பிரியுங்கள்: பைலட்டோடு மூன்று, பிறகு நான்கு, நான்கு, மூன்று. இந்தக் கணக்கில் ‘அவுட் ஆஃப் கேஸ்’ மூன்றாம் அமர்வின் தொடக்கத்தில் வரும். தொடரின் கதையை வைத்து 2005இல் வந்த திரைப்படத்தை (அதற்கும் ‘செரினிட்டி’ என்றே பெயர்) ஐந்தாம் அமர்வுக்கு வையுங்கள். கடைசி எபிசோடோடு ஒட்டிப் போட்டால் ‘ஆப்ஜெக்ட்ஸ் இன் ஸ்பேஸ்’ முடிவின் அமைதியைப் படத்தின் இரைச்சல் அடித்துக்கொண்டு போய்விடும்.

இரவுக்காட்சி

தர்மக் காட்சி பற்றி எழுதுகிறேன். ‘கான்ட் ஸ்டாப் தி செரினிட்டி’ என்ற பெயரில் 2006இல் ஓரிகன் மாநிலத்து போர்ட்லண்டில் தொடங்கிய வழக்கம். வீடனின் பிறந்த நாளான ஜூன் 23ஐ ஒட்டிப் பல ஊர்களில் படத்தைத் திரையிட்டு, பெண்ணுரிமைக்காக உழைக்கும் ‘ஈக்வாலிட்டி நவ்’ அமைப்புக்குப் பணம் திரட்டுவார்கள். தொடர் திரும்பி வருமா என்ற கேள்வி ஓய்ந்த பிறகும் கூட்டம் நிற்பதற்கு இதுதான் காரணம் என்பேன். வருஷத்துக்கு ஒரு தேதி, அதற்கு ஒரு வேலை.

எல்லோரும் வழுக்கி விழும் இடம் உரிமம். ‘செரினிட்டி’ என்று இரண்டு உண்டு. பைலட் ஃபாக்ஸ் தயாரிப்பு. 119 நிமிடப் படம் யுனிவர்சலுடையது. படத்துக்கு வாங்கிய அனுமதியில் எபிசோடு போட முடியாது. கடிதத்தில் ‘2005ஆம் ஆண்டுத் திரைப்படம்’ என்று தெளிவாக எழுதுங்கள். கடையில் வாங்கிய டிவிடி வீட்டில் பார்க்கத்தான். டிக்கெட் வாங்காமல் இலவசமாகக் காட்டினாலும் பொது இடம் பொது இடமே. மூன்று மாதம் முன்பே கேளுங்கள். அனுமதி கையில் வருமுன் போஸ்டர் அச்சடிக்காதீர்கள்.

அரங்கில் எந்த வடிவில் ஓட்டுவார்கள் என்பதைப் பேசும்போதே கேட்டுவிடுங்கள். ப்ளூ-ரே என்றால் வட்டின் மண்டலக் குறியீடும் பிளேயரின் குறியீடும் ஒத்துப்போக வேண்டும். முந்தின நாளே அதே பிளேயரில், அதே ஒலிபெருக்கியில் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். படத்துக்கு 119 நிமிடம் என்றால் அரங்கை நாலு மணி நேரத்துக்கு எடுங்கள். வேஷம் கட்டி வருகிறவர்கள் போட்டோ எடுக்கவும் குலுக்கலுக்கும் ஒரு மணி நேரம் தாராளமாகப் போகும்.

குலுக்கலைப் படத்துக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள். அந்தப் படம் முடிந்ததும் யாரும் பரிசுச் சீட்டு எண்ணைக் கேட்கும் நிலையில் இருக்க மாட்டார்கள். பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். குலுக்கல் சட்டம் அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், பதிவு செய்த அறக்கட்டளை மட்டுமே நடத்தலாம் என்ற இடங்களும் உண்டு. சிக்கல் என்று தோன்றினால் ஏலத்துக்கு மாறிவிடுங்கள்.

நூல்கண்டு

தொடரில் வரும் முரட்டு ஆள் ஜெய்னின் தொப்பியைக் கேட்பவர்களுக்கு. அம்மா பின்னி அனுப்பியதாகக் கதையில் வரும் அந்தக் கோமாளித் தொப்பி ‘தி மெசேஜ்’ எபிசோடில் உள்ளது. 2002இல் ஃபாக்ஸ் காட்டாமல் விட்ட மூன்றில் அதுவும் ஒன்று. சேனல் காட்டாத எபிசோடிலிருந்து வந்ததுதான் இன்று கூட்டத்தில் ஒருவரை ஒருவர் அடையாளம் காணும் கொடி!

தடித்த கம்பளி நூல், 6 மி.மீ. வட்ட ஊசி, 40 செ.மீ. நீளம். மஞ்சள் 50 கிராம், ஆரஞ்சு 100 கிராம், குஞ்சத்துக்குக் கொஞ்சம் செம்பழுப்பு. முதலில் மாதிரித் துண்டு பின்னி 10 செ.மீ. அகலத்தில் 14 கண்ணி வருகிறதா என்று அளந்து பாருங்கள். 72 கண்ணி ஏற்றினால் சுற்றளவு ஏறக்குறைய 51 செ.மீ. வரும். பெரியவர் தலைக்கு இழுத்துக்கொடுத்து உட்காரும். ஏற்றும்போது கை இறுகினால் நெற்றியில் கோடு விழும். அந்த ஒரு வரிசைக்கு மட்டும் ஒரு அளவு பெரிய ஊசி எடுங்கள். வட்டமாக இணைக்குமுன் முதல் வரிசை முறுக்கிக்கொள்ளவில்லையே என்று பாருங்கள். முறுக்கியிருந்தால் நாலு சுற்றுக்குப் பிறகுதான் தெரியும், பிரிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

மஞ்சளில் 8 செ.மீ., பிறகு ஆரஞ்சுக்கு மாறி மொத்தம் 15 செ.மீ. வரை நேராக. அப்புறம் குறைக்க வேண்டும்: 7 பின்னி, அடுத்த இரண்டை ஒன்றாக, சுற்றுக்கு எட்டு முறை, 64 மிஞ்சும். ஒரு சுற்று வெறுமனே. அடுத்து 6 பின்னி இரண்டை ஒன்றாக, இப்படியே 8 கண்ணி மிஞ்சும் வரை. 48க்குக் கீழே வந்ததும் வட்ட ஊசி எட்டாது, இருமுனை ஊசிக்கு மாற்றுங்கள்.

ஒவ்வொரு காது மடலுக்கும் கீழ் விளிம்பில் 16 கண்ணி எடுங்கள். பின்பக்கம் இரு மடலுக்கும் நடுவே 14, முன்னால் 26. கூட்டினால் 72 சரியாக வரும். மடலை இரு பக்கமும் நேர்க்கண்ணியாகவே பின்னுங்கள். ஒரு பக்கம் நேர்க்கண்ணி, மறுபக்கம் எதிர்க்கண்ணி (பர்ல்) என்று போட்டால் ஓரம் சுருண்டு காதை மூடாது.

அழகாக வந்துவிட்டால் தப்பு, எங்கேயோ சரியாகச் செய்துவிட்டீர்கள் என்று அர்த்தம். ஜெய்னின் அம்மா அத்தனை நேர்த்தியாகப் பின்னுகிறவர் அல்ல.

விற்பனை விஷயத்தில் கவனம். 2013இல் உரிமம் பெற்ற தொப்பி கடைக்கு வந்ததும், கையால் பின்னி இணையத்தில் விற்றுவந்த ரசிகர்களுக்கு ஃபாக்ஸ் தரப்பிலிருந்து நோட்டீஸ் போனது. அன்பளிப்பாகக் கொடுங்கள். விற்பதானால் தொடரின் பெயரையோ பாத்திரத்தின் பெயரையோ ஒட்ட வேண்டாம்.

கணக்குப்பிள்ளை

நூல்கண்டு அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 2005இல் படம் வருமுன் யுனிவர்சல் இதே ரசிகர்களை நம்பித்தான் விளம்பரம் செய்தது: மே 5 அன்று 10 ஊர், மே 26இல் 20, ஜூன் 23இல் 35 என்று முன்னோட்டக் காட்சிகள். அடுத்த ஆண்டு படத்தை வைத்துப் பொருள் செய்த ரசிகர் ஒருவருக்கு ஸ்டுடியோ தரப்பு உரிமத் தொகை கேட்டு எழுத, கூட்டம் பதிலுக்கு ஒரு பில் போட்டது. விளம்பரத்துக்கு உழைத்தது சுமார் 28,000 மணி நேரம், தொகை 20 லட்சம் டாலருக்கு மேல்! காசு வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, கேலிக்காகப் போட்டதுதான். ஆனால் அந்த மணிக்கணக்கு எழுதும் பழக்கம் நல்லது. யார் என்ன வேலை, எத்தனை மணி என்று ஒரு நோட்டில் இருந்தால், ஒரே ஆள் தலையில் எல்லாம் விழுவது ஆறு மாதத்தில் கண்ணுக்குத் தெரியும். குழு உடைவது பெரும்பாலும் அங்கேதான், ரசனைச் சண்டையில் அல்ல.

வரவு செலவுக்கு ஒரு உதாரணம். வாடகை 400, உரிமம் 250, அச்சு 50 என்றால் 700 டாலர். டிக்கெட் 14 டாலர் என்றால் 50 பேர் வந்தால்தான் கைநஷ்டம் இல்லை. 60 இருக்கை அரங்கில் இது ஆபத்தான கணக்கு. 100 இருக்கை தேடுங்கள், அல்லது வாடகையை இறக்குங்கள். தர்மப் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து. காட்சி முடிந்த வாரத்துக்குள் ரசீதை எல்லோருக்கும் காட்டிவிடுங்கள்.

மாநாட்டுக்கு வெளியூர் போகிறவர்கள் கட்டணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டுங்கள், அறையை ரத்து செய்யக்கூடிய விலையில் எடுங்கள். 2006 டிசம்பரில் கலிபோர்னியாவின் பர்பேங்கில் நடக்கவிருந்த ரசிகர் மாநாடு கடைசி நேரத்தில் ரத்தானது. வந்து இறங்கியவர்களுக்காக ரசிகர்களே கைகோத்து மாற்று விழா நடத்தினார்கள், நடிகர்கள் சிலரும் வந்தார்கள். உள்ளூர்க்காரர்கள் பெயரும் தொலைபேசி எண்ணும் முன்பே யார் கையிலாவது இருந்தால்தான் அப்படி ஒன்று நடக்கும். அந்தப் பட்டியலை வருஷத்துக்கு இரண்டு முறை புதுப்பியுங்கள். எண் கொடுப்பவரிடம் யாருக்கெல்லாம் பகிரலாம் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

சீரியல்பித்து

ஒரு சங்கடமான விஷயம். வேலையிடத்தில் மோசமாக நடத்தினார் என்று வீடன்மீது அவரோடு வேலை செய்த நடிகர்கள் 2020, 2021இல் வெளிப்படையாகப் புகார் சொன்னார்கள். பெண்ணுரிமை அமைப்புக்குப் பணம் திரட்டும் காட்சியில் இதை யாராவது கேட்கத்தான் செய்வார்கள். மழுப்ப வேண்டாம். நிகழ்ச்சி அவரைக் கொண்டாட அல்ல, பணம் இன்ன அமைப்புக்குப் போகிறது என்று வாசலில் நிற்பவர் இரண்டு வரியில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். தேதியை ஜூன் 23ஐ விட்டுத் தள்ளி வைத்தாலும் குடி முழுகிவிடாது.

நூல்கண்டு

குஞ்சம் விட்டுப்போனது. 10 செ.மீ. அட்டையில் மூன்று நிறத்தையும் சேர்த்து 120 சுற்று. நடுவில் கட்ட கம்பளி நூல் கூடாது, இழுக்கும்போது அறுந்துவிடும். பல் இடுக்குக்குப் போடும் நூல் ரொம்ப வாகு. ஊசியில் கோத்து உச்சித் துளை வழியே உள்ளே இறக்கி, ஒரு சட்டைப் பித்தானில் முடிச்சுப் போட்டால் குழந்தைகள் பிடித்து இழுத்தாலும் வராது. துவைப்பது குளிர்ந்த தண்ணீரில் மட்டும். செம்பழுப்பு நூல் சாயம் விடுகிறதா என்று முதலில் ஈர வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள்.