கூட்டக் குறிப்பும் கடிதமும் எழுதப் பழக வகுப்பு அவசியமா?

கேட்டவர்: பண்டாரவளைப் பெண்

வணக்கம். கொள்ளுப்பிட்டியில் தனியார் நிறுவனம் ஒன்றில் நிர்வாக உதவியாளராக வேலை செய்கிறேன். உயர்தரம் வரை தமிழ் மொழிமூலம் படித்தவள். தொலைபேசி, கோப்பு, பயண ஒழுங்கு எல்லாம் கைவந்துவிட்டன. எழுத்து வேலைதான் இன்னும் பிடிபடவில்லை. திங்கட்கிழமைக் கூட்டத்தின் குறிப்பை விரிவாக எழுதச் சொல்கிறார் ஒருவர், ஒரு பக்கம் போதும் என்கிறார் இன்னொருவர். தமிழ் வாடிக்கையாளர்களுக்குப் போகும் கடிதங்களும் என் பொறுப்பு. மாலை நேரச் சான்றிதழ் வகுப்பு ஒன்றில் சேரலாமா என்று யோசிக்கிறேன். கட்டணம் என் சம்பளத்துக்குக் கொஞ்சம் பாரம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மருதானைத் தம்பி

அக்கா, சான்றிதழ் இருந்தால் நேர்முகத் தேர்வில் கைகொடுக்கும். ஆங்கிலம்தான் தடை என்றால் பிரிட்டிஷ் கவுன்சிலிலும் திறந்த பல்கலைக்கழகத்திலும் விசாரித்துப் பாருங்கள். சிங்களத்தையும் விடாதீர்கள். மூன்று மொழியிலும் நாலு வரி எழுதத் தெரிந்தவருக்குக் கொழும்பில் வேலைக்குப் பஞ்சமில்லை.

வெள்ளவத்தை அம்மா

மகள், நான் அரச திணைக்களம் ஒன்றில் முகாமைத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். வகுப்பு வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பணம் கட்டுமுன் உங்கள் அலுவலகத்துப் பழைய கோப்புகளை எடுத்து வாசியுங்கள். எந்தக் கடிதத்துக்கு உடனே பதில் வந்தது, எதற்கு மறுபடி மறுபடி விளக்கம் கேட்டு எழுதினார்கள் என்று பாருங்கள். அதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது.

கூட்டக் குறிப்பின் நீளத்தை விடுங்கள். கூட்டத்துக்கு வராத ஒருவர் அதை வாசித்துவிட்டு, தான் செய்ய வேண்டியது என்ன என்று தெரிந்துகொள்கிறாரா? அது போதும். "குளிரூட்டி பழுது பற்றி நீண்ட நேரம் கலந்துரையாடப்பட்டது, பலரும் கருத்துத் தெரிவித்தனர்" என்று எழுதினால் யாரும் எழுந்து போய் எதையும் செய்யமாட்டார்கள். "மூன்றாம் மாடிக் குளிரூட்டியைத் திருத்த இரண்டு இடங்களில் விலைமனு பெறுவது. பொறுப்பு: நிர்வாகப் பிரிவு. 15ஆம் திகதிக்கு முன்" என்று எழுதுங்கள். நிகழ்ச்சி நிரலின் தலைப்புகளை முதல் நாளே தட்டச்சு செய்து, ஒவ்வொன்றுக்கும் கீழே இடம் விட்டு எடுத்துப் போனால் பாதி வேலை கூட்டத்திலேயே முடிந்துவிடும். அன்று மாலையே எழுதிவிடுங்கள். அடுத்த நாள் யார் எதை ஒப்புக்கொண்டார் என்பதே சண்டையாகிவிடும்.

கடிதம் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. நம் அரச கடிதங்களின் தலையில் "எனது இல.", "உமது இல." என்று இரண்டு வரி இருக்கும். சும்மா அலங்காரத்துக்கு இல்லை. ஐந்து வருடம் கழித்து ஒருவர் அந்தக் கடிதத்தோடு வந்து நின்றால், கோப்பை எடுப்பது அந்த இலக்கத்தை வைத்துத்தான். தனியார் நிறுவனமாக இருந்தாலும் இந்தப் பழக்கத்தைக் கொண்டு வாருங்கள்.

உள்ளே எழுதுவது இன்னும் முக்கியம். "தங்களது கடிதம் தொடர்பில் உரிய நடவடிக்கை எடுக்கப்படும் என்பதைத் தயவுடன் அறியத்தருகின்றேன்" என்ற வரியைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் ஏறி வருகிற ஒரு தாய்க்கு அந்த வரி என்ன சொல்கிறது? "உங்கள் விண்ணப்பத்துடன் பிறப்புச் சான்றிதழின் பிரதி இல்லை. அதை 20ஆம் திகதிக்கு முன் அனுப்புங்கள். நேரில் வரத் தேவையில்லை." இப்படி எழுதினால் அவருக்கு ஒரு நாள் கூலி மிச்சம். தமிழ் 1987 இல் அரசியலமைப்பின்படி அரச கரும மொழியானது. அந்த உரிமை, வாசிப்பவருக்குப் புரிகிற தமிழில் கடிதம் போய்ச் சேர்ந்தால்தான் உரிமை.

ஒரு சின்ன விஷயம். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து மின்னஞ்சலில் அனுப்பாதீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். யுனிகோடில் அடியுங்கள்.

தம்பி சொன்ன சிங்களம் சரியான யோசனை. அரச சேவையில் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சுற்றறிக்கையே புதிதாகச் சேர்பவர்களிடம் இரண்டாவது அரச கரும மொழித் தேர்ச்சியைக் கேட்டது. தனியாரில் கட்டாயமில்லை, ஆனால் பதவி உயர்வு நேரத்தில் அது பேசும்.

பண்டாரவளைப் பெண்

மிக்க நன்றி அம்மா. ஒன்று மட்டும் கேட்கிறேன். என் வரைவை முகாமையாளர் வாங்கித் தானே மாற்றி அனுப்பிவிடுகிறார். எதை மாற்றினார் என்று எனக்குத் தெரிவதில்லை. கேட்டால் தப்பாக நினைப்பாரா?

வெள்ளவத்தை அம்மா

கேளுங்கள் மகள். அவர் அவசரமாகக் கையொப்பம் வைக்கும் நேரம் பார்த்துக் கேட்காதீர்கள். பிற்பகலில், "சேர், அனுப்பிய பிரதியைக் கோப்பில் போட வேண்டும்" என்று வாங்குங்கள். அது உங்கள் வேலைதானே. உங்கள் வரைவையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாறிய இடங்களில் சிவப்புப் பேனாவால் கோடு போடுங்கள். ஒரே வகை மாற்றம் திரும்பத் திரும்ப வந்தால், அடுத்த வரைவில் அதை நீங்களே செய்து கொடுங்கள். வகுப்புக்குக் கட்டணம் கட்டுவது பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம். சனிக்கிழமை நேரம் இருந்தால் வெள்ளவத்தையில் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது, வந்து வாசியுங்கள்.