பொருள்: பிரெஞ்சு உணவகத்தில் ‘பிரஞ்ச்’. தமிழில் எப்படி?

அன்புள்ள குழுவினருக்கு,

பாரிஸ் உணவகக் குசினிகளில் வேலைக்குச் சேரும் நம்மவர்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘பிரஞ்ச்’ (brunch) என்ற ஓர் ஆங்கிலச் சொல்லில் நிற்கிறேன்; காலையும் மத்தியானமும் சேர்ந்த சாப்பாடு அது. ‘பிரெஞ்சு பிரஞ்ச்’ என்று எழுதினால் அச்சுப்பிழை என்பார்கள். ‘காலைச் சாப்பாடு’ என்றால் பதினொரு மணிக்கே முட்டை அடுப்பை அணைத்துவிடுவார்கள். ‘மத்தியானச் சாப்பாடு’ என்றால் முதல் தட்டு, பெரிய தட்டு, இனிப்பு என ஒவ்வொன்றாக அனுப்பக் காத்திருப்பார்கள். இதுவோ பெரும்பாலும் ஞாயிறு 11 முதல் 3 வரை, ஒரே விலைக்கு: சூடான பானம், பழச்சாறு, குரொசான், பாண், பட்டர், ஜாம், முட்டை உணவு ஒன்று, இனிப்பு. பல இடங்களில் எல்லாம் ஒன்றாகவே மேசைக்குப் போகும்.

— பாரிஸ்

ஐயா, சொல் நம்மிடமே இருக்கிறது. பழைய இலக்கணத்தில் ஒரு நாளுக்குச் சிறுபொழுது ஆறு, ஒவ்வொன்றும் பத்து நாழிகை, அதாவது நான்கு மணி நேரம். காலை 6 முதல் 10, நண்பகல் 10 முதல் 2. பிரஞ்ச் வேளை பெரும்பாலும் நண்பகலுக்குள் அடங்குகிறது. எனவே நண்பகலுண்டி. ‘சிற்றுண்டி’ போல ‘உண்டி’யில் முடிகிறது, புணர்ச்சியும் இயல்பாக வருகிறது.

— மதுரை

> எனவே நண்பகலுண்டி

தொல்காப்பியர் நண்பகலைப் பாலைக்கு வைத்தார், விருந்துக்கு அல்ல. அது கிடக்கட்டும். இன்று நண்பகல் என்றால் எவருக்கும் பன்னிரண்டு மணிதான். பத்தரைக்கே மேசை போட வேண்டிய பையன் பன்னிரண்டுக்கு வருவான். ‘முற்பகலுண்டி’ என்றால் முன்னதாகத் தொடங்குவது தெரியும்.

— யாழ்ப்பாணம்

முற்பகல் பன்னிரண்டோடு முடிகிறதே, மூன்று மணி வரை என்ன செய்வது?

வேர் தேடுவோம். ‘தெஜனே’ என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு நோன்பை முறித்தல் என்றே பொருள். பாரிசில் இரவு உணவைக் குறிக்கும் ‘தினே’யும் அதே லத்தீன் வேரில் பிறந்ததுதான். கியூபெக்கில் இன்றும் தெஜனே காலை உணவு, தினே மத்தியான உணவு. பாரிசில் தெஜனே மத்தியானத்துக்கு நகர்ந்ததால், காலையுணவுக்குச் ‘சின்ன’ என்ற அடைமொழி வேண்டியதாயிற்று. நோன்பு முறித்தலுக்கு நம்மிடம் ‘பாரணை’ உண்டு. ஞாயிற்றுப் பாரணை என்று சொல்லிப் பாருங்கள்!

— புதுச்சேரி

அம்மா, கந்தசஷ்டி விரதமிருந்து பாறணை பண்ணுகிறவர்கள் வீட்டில் பன்றித் தொடைக்கும் முட்டைக்கும் அந்தப் பெயரை வைக்க மனம் ஒப்பாது. வேர் பொருந்தினாலும் வழக்கு பொருந்தவில்லை.

— யாழ்ப்பாணம்

சொல் எதுவானாலும் முட்டை பெனடிக்ட் பக்கத்தைத் திருத்துங்கள். பாணின் மேல் ‘போஷே’ முட்டை வைத்து, ஒலாந்தேஸ் என்ற வெண்ணெய்க் குழம்பை ஊற்றும் உணவு அது. ஒலாந்தேஸ் குழம்புக்கு ‘வெண்ணெயை ஊற்றிக் கலக்கவும்’ என்று இருக்கிறது. ஊற்றினால் திரிந்துவிடும். நான்கு மஞ்சள் கருவை ஒரு கரண்டித் தண்ணீரோடு வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்த கிண்ணத்தில் நுரை கட்ட அடித்து, உருக்கித் தெளியவைத்த 250 கிராம் வெண்ணெயை முதலில் சொட்டுச் சொட்டாக, பிறகு நூல்போல ஒழுகவிட்டு அடிக்க வேண்டும். எலுமிச்சைச் சாறு கடைசியில். கிண்ணத்தைத் தொட்டால் கை பொறுக்கும் சூடு போதும். மிஞ்சினால் கரு துணுக்குத் துணுக்காக வெந்துவிடும். திரிந்தால் வேறு கிண்ணத்தில் புதுக் கரு ஒன்றை ஒரு கரண்டி வெந்நீரோடு அடித்து, திரிந்ததை அதில் சிறிது சிறிதாகச் சேர்த்தால் மீண்டும் கூடும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காமல் கொட்டிவிட வேண்டும். பிரஞ்ச் நான்கு மணி நேரம் ஓடுவதால் இரண்டு முறை செய்தே தீர வேண்டும்.

ஓட்டை உடைத்து வெந்நீரில் விட்டு வேகவைக்கும் ‘போஷே’ முட்டையை ‘அவித்த முட்டை’ என்பதும் தவறு, ஓட்டோடு போட்டுவிடுவார்கள். ‘உடைத்தவித்த முட்டை’ சரி.

— பாரிஸ், குசினி

‘உடைத்தவித்த’ அருமை. ஒலாந்தேஸ் ஏன்? ஒல்லாந்தரை, அதுதான் டச்சுக்காரரை, நமக்குத் தெரியாதா? ஒல்லாந்தக் குழம்பு என்போம்.

— மதுரை

ஆர்டர் கூவுகிறவர் ‘ஒலாந்தேஸ்’ என்றுதான் கூவுவார். காதில் விழும் சொல்லே கையேட்டிலும் இருக்க வேண்டும். பிரஞ்சுக்கும் அதேதான். பிரெஞ்சுக்காரரே அந்த ஆங்கிலச் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

— பாரிஸ், குசினி

சரி, உடைத்தவித்த முட்டைக்கு மறுப்பில்லை. தலைப்பிலும் நேர அட்டவணையிலும் ‘பிரஞ்ச்’. முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ‘காலையும் மத்தியானமும் சேர்ந்த ஞாயிறு விருந்து’ என்ற விளக்கம். மொழியின் பெயரை எல்லா இடத்திலும் ‘பிரெஞ்சு’ என்றே எழுதிவிடுகிறேன். ஐவர் ஒப்பியிருக்கிறீர்கள்.

— பாரிஸ்

நான் ஒப்பவில்லை. ஒரு வரி விளக்கம் எழுத இடமிருக்கும்போது அங்கே நண்பகலுண்டிக்கும் இடமிருக்கிறது. அடுத்த பதிப்புக்காக இதைப் பதிவுசெய்யுங்கள்.

— மதுரை