எஸ்டீம் ஹெடருக்கு வீட்டிலேயே ஹீட் பெயிண்ட்: முதல் தடவை புகை, இரண்டாம் தடவைதான் நின்றது

காட்பாடியிலிருந்து:

அப்பா ஓட்டிய 1998 மாருதி எஸ்டீம் கார் இன்னும் எங்கள் ஷெட்டில்தான் நிற்கிறது. 1298 சிசி, நாலு சிலிண்டர். அதோடு வந்த வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு (இன்ஜின் புகையைச் சைலன்ஸர் பக்கம் கொண்டுபோகும் குழாய்) விரிசல் விட்டதும், ஒரு பட்டறையில் எம்.எஸ் (சாதா இரும்பு) பைப்பை வளைத்து வெல்டு வைத்து, அதே வேலைக்கு நாலு கால் ஹெடர் செய்து வாங்கினேன். கைக்கு வந்தபோது எண்ணெய் தடவிப் பளபளவென்று இருந்தது. ஐப்பசி மழையில் பதினைந்து நாள் ஷெட்டில் கிடந்ததும் செம்மண் பூசிய மாதிரி துரு ஏறிவிட்டது.

"ஹீட் பெயிண்ட் அடிச்சுடு தம்பி, அவ்ளோதான் மேட்டரு" என்றார் மேஸ்திரி. நானும் அவ்வளவுதான் என்று நம்பினேன்.

கம்பி பிரஷ்ஷால் அரை மணி நேரம் தேய்த்தேன். பனியன் வேஸ்ட்டில் தின்னர் நனைத்துத் துடைத்தேன். வெல்டு ஓரத்தில் சின்னச் சின்னப் பள்ளம் இருந்தது, அதற்குப் பட்டி வைத்து உப்புத்தாள் போட்டேன் (சிரிக்காதீர்கள்). மேலே ஜன்னல் கம்பிக்கு அடிக்கும் சிவப்புப் பிரைமர். அதன்மேல் 600 டிகிரி தாங்கும் என்று டின்னில் போட்டிருந்த சில்வர் பெயிண்ட், பிரஷ்ஷால் இரண்டு கோட், நல்ல கனமாக. வெயிலில் காய வைத்தேன், மாட்டினேன், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஏலகிரிக்குக் கிளம்பிவிட்டேன்.

ஏலகிரி ஏற்றத்தில் 14 கொண்டை ஊசி வளைவு. மூன்றாவதிலேயே நாற்றம். ஏழாவதில் பானெட் இடுக்கிலிருந்து புகை. "இன்னாங்க, வண்டி எரியுதா?" என்று மனைவி பின்சீட்டிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். அங்கே ஒவ்வொரு வளைவுக்கும் புலவர், வள்ளல் பெயர் வைத்திருக்கிறார்கள். நாங்கள் நின்றது யார் வளைவில் என்று பார்க்கும் நிலையில் நான் இல்லை. பானெட்டைத் திறந்தால் பெயிண்ட் முழுக்க அப்பளம் மாதிரி உப்பியிருக்கிறது. பட்டி வைத்த இடத்தில் சாம்பல்.

பெயிண்ட் மேல் குற்றமில்லை. 600 டிகிரி தாங்கும் பெயிண்டை, 150 தாண்டினாலே கருகும் பிரைமர் மேல் உட்கார வைத்தது நான். வண்டி நகராமல் இன்ஜின் மட்டும் ஓடும் ஐடிலில் நிற்கும்போதே ஹெடர் 200 டிகிரியைத் தாண்டும். மலையில் அழுத்தி ஏறினால் உள்ளே போகும் புகையே 700, 800. அடித்தளம் கருகினால் மேல்பூச்சு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

இரண்டாம் தடவை ஹெடரைக் கழற்றும்போது அதை இன்ஜினோடு பிடிக்கும் ஸ்டட் ஒன்று உடைந்தது. அது தனிக் கதை, அரை நாள் போச்சு. இந்த முறை கம்பி பிரஷ்ஷையே தொடவில்லை. ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் சின்ன யூனிட் ஒன்றில் சாண்ட் பிளாஸ்டிங் (மணலை வேகமாக அடித்துத் துருவை எடுப்பது) செய்து வாங்கினேன். சாம்பல் வெள்ளையாக, தொட்டால் சொரசொரவென்று வந்தது. தொட்டால் என்றா சொன்னேன்? தொடக்கூடாது. விரல் எண்ணெய் பட்ட இடத்தில் பெயிண்ட் பிடிக்காது. கையுறை போட்டுக்கொண்டு அசிட்டோனால் துடைத்தேன். கேஸ்கட் உட்காரும் ஃபேஸ் முழுக்கப் பேப்பர் டேப். பிரைமர் கிடையாது, பட்டி கிடையாது. இரும்பு மேல் நேராக ஹீட் பெயிண்ட் ஸ்ப்ரே.

நடந்தது கத்திரி வெயில் சமயம். சூட்டில் சீக்கிரம் காயும் என்று மத்தியானம் மாடியில் ஒரு தகரத் துண்டில் அடித்துப் பார்த்தேன். பெயிண்ட் தகரத்தைத் தொடும் முன் காற்றிலேயே காய்ந்து, ரவை தூவிய மாதிரி விழுந்தது. நம்ம வேலூர் வெயிலுக்கு அந்த ஸ்ப்ரே கேன் தாங்காது. மறுநாள் விடிகாலை ஆறரைக்கு, துணிக் கொடிக் கம்பியில் ஹெடரைத் தொங்கவிட்டு, நிழலில் அடித்தேன். கேனை இரண்டு நிமிஷம் குலுக்கி, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான தூரத்திலிருந்து மெல்லிசாக மூன்று கோட், நடுவே பத்துப் பத்து நிமிஷம். முதல் கோட்டில் இரும்பு தெரியத்தான் செய்யும். மூடிவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் விட்டு மாட்டி, கேனில் போட்டிருந்தபடி சூடேற்றினேன். 10 நிமிஷம் ஐடில், அணைத்து 20 நிமிஷம் ஆற விட்டு, மறுபடி 20 நிமிஷம் இன்ஜின் ஓட்டம், 20 நிமிஷம் ஆற விட்டு, கடைசியாக அரை மணி ஓட்டம். புகை வரும், பயப்பட வேண்டாம். ஆனால் ஷெட்டுக்குள் செய்யாதீர்கள், வண்டியைத் தெருவுக்கு எடுங்கள்.

இரண்டு மழைக்காலம் பார்த்துவிட்டது. இரண்டாவது பைப்பும் மூன்றாவது பைப்பும் சேரும் இடத்தில் நிறம் மங்கியிருக்கிறது. ஸ்பானர் கீறிய இடத்தில் ஒரு ரூபாய் அளவு துரு. மற்றபடி அப்படியே இருக்கிறது. பானெட்டுக்குள் சூடு குறையுமா என்று கேட்பவர்களுக்கு: எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இது துருவுக்கு, அவ்வளவுதான்.

---

ராணிப்பேட்டையிலிருந்து:

பாய்லர் தொழிற்சாலையில் பெயிண்டிங் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். தம்பி சொன்னதில் முக்கியமான வார்த்தை 'மெல்லிசாக'. அலுமினியம் கலந்த ஹீட் பெயிண்ட் ஒரு கோட் 20 மைக்ரான் அளவில்தான் இருக்க வேண்டும், இரண்டு கோட்டும் சேர்த்தாலே தலைமுடியை விட மெல்லிசு. கனமாக அடித்தால் உள்ளே மாட்டிய தின்னர் சூட்டில் ஆவியாகி வெளியே வரப் பார்க்கும். உங்கள் அப்பளம் அதுவும் சேர்ந்துதான். இந்தப் பெயிண்ட் 200 டிகிரி சூட்டைப் பார்த்த பிறகுதான் இறுகும். அதுவரை நகத்தால் சுரண்டினால் வந்துவிடும், காய்ந்துவிட்டது என்று ஏமாறக் கூடாது. வாங்கும்போது டின்னையும் படியுங்கள். 200, 400, 600 என்று தனித்தனியாக வருகிறது, எல்லாமே பார்வைக்கு ஒரே சில்வர்தான்.

ஒரு குறை சொல்கிறேன். பிளாஸ்ட் செய்த இரும்பை ஒரு ராத்திரி சும்மா வைத்தது தப்பு. நாங்கள் நாலு மணி நேரத்துக்குள் முதல் கோட் அடித்துவிடுவோம். கத்திரி காலத்தில் காற்றில் ஈரம் இல்லாததால் தப்பித்தீர்கள். அதையே கார்த்திகையில் செய்திருந்தால் மறுபடி செம்மண்தான்.

---

பேரணாம்பட்டிலிருந்து:

புல்லட் பெண்ட் பைப்புக்கு (இன்ஜினிலிருந்து சைலன்ஸருக்கு வளைந்து போகும் பைப்) நான் செய்த கூத்து. வீட்டில் கல்யாணம், பிரியாணி தம் இறக்கிய பிறகு அடுப்பில் விறகுக் கங்கு அப்படியே கிடந்தது. இவ்வளவு சூடு வீணாகிறதே என்று பெயிண்ட் அடித்த பைப்பை அதன் மேலே இரண்டு செங்கல் வைத்துக் கிடத்தினேன். கங்குப் பக்கம் கொதித்துக் கறுத்தது, மேல்பக்கம் அப்படியே ஈரம், நடுவில் கரி ஒட்டிக்கொண்டது. பாதி வெந்த கத்திரிக்காய் மாதிரி. பிரியாணி சமைத்த பண்டாரி பார்த்துவிட்டு, "ஏம்பா, இதுக்கும் தம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

---

குடியாத்தத்திலிருந்து:

கேக் செய்யும் ஓவனில் வைக்கலாமா என்று யாராவது யோசித்தால் வேண்டாம். என் தம்பி நான் ஊரில் இல்லாதபோது ஸ்கூட்டர் சைலன்ஸர் மூடியை என் ஓவனில் வைத்தான். அந்த நாற்றம் போகவே இல்லை. இப்போது அது அவன் ஸ்பானர் போடும் பெட்டி. எனக்குப் புது ஓவன் இன்னும் வாங்கித் தரவில்லை.

---

ஆம்பூரிலிருந்து:

பெயிண்ட்டுக்குப் பதில் ஹெடரில் துணிப்பட்டை மாதிரி ஹீட் ராப் சுற்றினேன். பானெட் சூடு நிஜமாகவே குறைந்தது. ஆனால் மழைத் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்கிறது. ஒன்றரை வருஷம் கழித்துப் பிரித்தபோது உள்ளே எம்.எஸ் பைப் செதில் செதிலாக உதிர்ந்தது. தினம் ஓடும் வண்டிக்கு நான் இனி சுற்ற மாட்டேன். இன்னொன்று, ஹெடரில் ஆக்ஸிஜன் சென்சார் இருக்கும் வண்டியென்றால் அதை முறுக்கும் மரைக்குள் பெயிண்ட் போகாமல் பழைய போல்ட் ஒன்றை முறுக்கி வைத்துவிட்டு அடியுங்கள்.

---

காட்பாடியிலிருந்து:

ராணிப்பேட்டை ஐயாவுக்கு: அந்த ராத்திரி சும்மா வைக்கவில்லை ஐயா, பெட்ஷீட்டில் சுற்றி பீரோவுக்குள் வைத்திருந்தேன். எந்த பெட்ஷீட் என்று வீட்டில் இதுவரை கேட்கவில்லை.