பூங்காவில் நடந்தால் மனது லேசாகும் என்கிறார்களே, எனக்கு ஏன் ஆகவில்லை?

வேளச்சேரிவாசி:
ராத்திரி ஷிஃப்ட் வேலை. ஏழு மாதமாகத் தூக்கம் சரியில்லை, சின்ன விஷயத்துக்கும் படபடப்பு. மனநல மருத்துவரைப் பார்த்தேன். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, தினமும் கொஞ்ச நேரம் மரம் செடி இருக்கிற இடத்தில் இருங்கள் என்றார். மூன்று வாரமாகத் தெருமுனைப் பூங்காவைச் சுற்றிச் சுற்றி வருகிறேன், காதில் இயர்போன், கையில் ஃபோன், பத்தாயிரம் ஸ்டெப் கணக்கு. வியர்வைதான் மிச்சம். இதில் நிஜமாகவே ஏதாவது இருக்கிறதா?

பூவரசு:
இருக்கிறது, ஆனால் நீங்கள் செய்துகொண்டிருப்பது வெறும் உடற்பயிற்சி. திரை, ஹாரன், மேனேஜரின் மெசேஜ் எல்லாவற்றிலும் நாம் கவனத்தை இழுத்துப் பிடித்து வைக்க வேண்டியிருக்கிறது, அந்தப் பிடிதான் களைத்துப் போகிறது. இலை ஆடுவதையோ அணில் ஓடுவதையோ பார்க்கப் பிடி தேவையில்லை, கண் தானாகப் போகும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ரேச்சல் கப்லானும் ஸ்டீபன் கப்லானும் இப்படித்தான் விளக்கினார்கள். 2015இல் ஸ்டான்ஃபோர்டில் ஒரு குழுவை மரமும் புல்லும் உள்ள வழியில் 90 நிமிடம் நடக்க வைத்தார்கள், இன்னொரு குழுவைப் பரபரப்பான சாலையோரம். மரங்களுக்கு நடுவே நடந்தவர்களுக்கு மட்டும் ஒரே கவலையைத் திரும்பத் திரும்ப மெல்லுவது குறைந்தது. நடந்தது என்னவோ இரண்டு பேரும்தான்! இயர்போனைக் கழற்றிப் பாருங்கள்.

சந்தேகப்பிராணி:
கொஞ்சம் நிதானம். இந்த விஷயத்தில் எல்லாரும் எடுத்துக்காட்டுவது ரோஜர் உல்ரிச்சின் 1984 ஆய்வு. பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்த 46 நோயாளிகள், பாதிப் பேருக்கு ஜன்னலில் மரம், மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்களுக்குக் கடுமையான வலி மருந்து குறைவாகத் தேவைப்பட்டது, சரி. வீட்டுக்குப் போனது எத்தனை நாள் முன்னால்? முழுசாக ஒரு நாள்கூட இல்லை. அப்புறம் 2019இல் இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரை வைத்து, வாரம் 120 நிமிடம் இயற்கையோடு இருப்பவர்கள் நலமாக உணர்கிறார்கள் என்றார்கள். நலமாக இருப்பவன்தானே வெளியே கிளம்புவான்? பலன் இல்லை என்று சொல்லவில்லை, மரத்தை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள் என்கிறேன். நடுராத்திரியில் படபடப்பு வந்தால் 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலும் பேசலாம்.

மயிலாப்பூர்க்காரி:
அப்பா இறந்துபோன வருஷம் எனக்கு இதே நிலைமை. நடக்கவெல்லாம் தெம்பில்லை. ஒரு தூங்குமூஞ்சி மரத்தடி பெஞ்சில் போய் உட்காருவேன், சாயங்காலம் இலையெல்லாம் மெல்ல மூடிக்கொள்வதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருவேன், அவ்வளவுதான். முதல் பத்து நாள் ஒன்றுமே தெரியவில்லை. அப்புறம் ஒரு நாள் பசித்தது, பல மாதம் கழித்து. ஒரு பெண் தனியாகச் சும்மா உட்கார்ந்திருந்தால் "யாருக்காக வெயிட் பண்றீங்க?" என்று கேட்க ஆள் வரும், அதற்குப் பழகிக்கொள்ள வேண்டியதுதான். (இதைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.)

வேளச்சேரிவாசி:
நன்றி. மாத்திரையை நிறுத்தவில்லை. நாளைக்கு ஷிஃப்ட் முடிந்து வரும்போது ஃபோனை வண்டி டிக்கியிலேயே வைத்துவிட்டு உட்கார்ந்து பார்க்கிறேன். கொசுவுக்கு என்ன செய்கிறீர்கள்?

மயிலாப்பூர்க்காரி:
வெயில் ஏறிய பிறகு போங்க, ஏழரை மணி வாக்கில். எனக்குத்தான் சாயங்காலக் கடி.