புதிய போன் வரட்டும் என்று காத்திருந்தோம்: சில அனுபவங்கள்

கும்பகோணம் கணக்காசிரியர்

2019ஆம் ஆண்டு தீபாவளிக்கு வாங்கிய ஐபோன் எக்ஸ்ஆர் ஆறு ஆண்டுகள் குறை சொல்ல இடம் வைக்காமல் உழைத்தது. 2025 ஜூன் 9ஆம் தேதி ஆப்பிள் நிறுவனம் ஐபோனின் புதிய இயங்குதளமான ஐஓஎஸ் 26 பற்றி அறிவித்தபோது, அதைப் பெறப்போகும் போன்களின் பட்டியலில் எக்ஸ்ஆர் இல்லை. அதனால் போன் மறுநாளே செத்துவிடாது என்பதும், வங்கிச் செயலிகள் பழைய இயங்குதளத்தைக் கைவிடச் சில ஆண்டுகளாவது ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் பாட்டரியின் நலம் 74 விழுக்காட்டுக்கு இறங்கி, மதியம் இரண்டாவது பாடவேளை முடிவதற்குள் ஆசிரியர் அறையில் சார்ஜருக்கு இடம் பிடிக்க வேண்டிய நிலை வந்துவிட்டதால், அந்த அறிவிப்பு ஒரு சாக்காக அமைந்தது.

அப்போதுதான் எல்லோருக்கும் வரும் கேள்வி எனக்கும் வந்தது. ஆடித் தள்ளுபடியில் ஐபோன் 16ஐ வாங்கிவிடுவதா, செப்டம்பரில் வரவிருக்கும் 17க்குக் காத்திருப்பதா? வதந்திகள் இரண்டு திசையிலும் இழுத்தன. சாதாரண மாடலுக்கும் வினாடிக்கு 120 முறை காட்சியைப் புதுப்பிக்கும் 120 ஹெர்ட்ஸ் திரை வரப்போகிறது என்று ஒரு பேச்சு; விலை கட்டாயம் ஏறும் என்று இன்னொரு பேச்சு. என் மைத்துனர், "மாமா, வதந்தியை நம்பிக் காத்திருந்தால் வாழ்நாள் முழுவதும் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்" என்றார். அவர் ஆண்டுக்கு ஒரு போன் மாற்றுகிறவர் என்பதால், அந்த அறிவுரையை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு பழைய வினாத்தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2020இல் வந்த 12 முதல் 2024இல் வந்த 16 வரை, மினி, பிளஸ் போன்றவற்றை விட்டுவிட்டால், அடிப்படை மாடலின் அறிமுக விலை இந்தியாவில் ஐந்து முறையும் 79,900 ரூபாய்தான். புதியது வந்ததும் முந்தையது, அண்மை ஆண்டுகளில், 69,900க்கு இறங்கியிருக்கிறது. ஆகவே புதியது பிடிக்காமல் போனாலும், பழையதையே பத்தாயிரம் குறைவாக வாங்கிக்கொள்ளலாம். ஆடியில் கிடைக்கும் வங்கித் தள்ளுபடியை விட அது மோசமாக இருக்க வாய்ப்பில்லை. இரண்டு மாதம் பாட்டரியோடு மல்லுக்கட்டுவதுதான் காத்திருப்பதற்கான விலை.

செப்டம்பர் 9ஆம் தேதி இரவு பத்தரை மணிக்கு நிகழ்ச்சி தொடங்கியது. விலை 82,900 என்று தெரிந்த மறு நிமிடமே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "மூவாயிரம் ஏற்றிவிட்டார்கள்" என்று மைத்துனர் எழுதினார். அங்கேதான் கணக்கு வாத்தியார் விழித்துக்கொண்டார். 79,900க்கு விற்ற 16இல் இருந்த சேமிப்பிடம் 128 ஜிபி. 17இல் தொடக்கமே 256 ஜிபி. அதே 256 ஜிபி கொண்ட 16இன் அறிமுக விலை 89,900. ஒத்த பொருளோடு ஒத்த பொருளை வைத்துப் பார்த்தால் 7,000 ரூபாய் குறைந்திருக்கிறது, திரையும் 120 ஹெர்ட்ஸுக்கு உயர்ந்திருக்கிறது. 128 ஜிபியே போதும் என்கிறவருக்கு மட்டும்தான் மூவாயிரம் ஏறியது. என் எக்ஸ்ஆர் 64 ஜிபி; மாணவர்களின் ஆண்டுவிழாக் காணொளிகளை அழிப்பதிலேயே பாதி ஞாயிற்றுக்கிழமைகள் கழிந்தன. எனவே முடிவு எளிதாயிற்று.

எளிதாக இல்லாதது வாங்கிய விதம். பெயர் சொல்ல விரும்பாத ஒரு கடையில் 12ஆம் தேதி மாலை 2,000 ரூபாய் முன்பணம் கட்டினேன். விற்பனை தொடங்கும் 19ஆம் தேதியே கைக்கு வரும் என்றார்கள். 19ஆம் தேதி காலையில் தொலைபேசியில் அழைத்து, கவர், டெம்பர்டு கிளாஸ், ஓராண்டுக் காப்பீடு மூன்றையும் சேர்த்து எடுப்பவர்களுக்கே முதல் சரக்கு என்று மிகவும் பணிவாகச் சொன்னார்கள். மூன்றுக்கும் சேர்த்து ஒன்பதாயிரத்துச் சொச்சம். எனக்கு வேண்டாம் என்றேன். போன் 27ஆம் தேதி வந்தது. முன்பணம் கட்டும்போதே, "வேறு எந்தப் பொருளும் வாங்க வேண்டியதில்லை" என்று ரசீதிலேயே எழுதி வாங்கியிருக்க வேண்டும் என்று பிறகு தோன்றியது.

திருநெல்வேலி, கவுண்டர்க்காரன்

ஆசிரியர் ஐயா எழுதியதைப் படித்தபோது முகம் சற்றுச் சிவந்தது. நான் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவன். முதல் வாரச் சரக்கு கையளவுதான் வரும். போனில் கடைக்குக் கிடைக்கும் லாபம் மிகச் சிறியது, கவரிலும் கண்ணாடியிலும்தான் காசு. அதனால் அந்த வற்புறுத்தல் எங்கிருந்து பிறக்கிறது என்பது எனக்குப் புரியும். சரி என்று சொல்லமாட்டேன்.

2025 செப்டம்பர் மாதத்தை எங்கள் தொழிலில் இருப்பவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். 3ஆம் தேதி ஜிஎஸ்டி மன்றக் கூட்டம் முடிந்து, புதிய வரி விகிதங்கள் 22ஆம் தேதி முதல் நடைமுறைக்கு வரும் என்ற செய்தி பரவியதிலிருந்து, கடைக்குள் நுழைகிற பத்துப் பேரில் ஆறு பேர் "22க்கு அப்புறம் போன் விலை குறையுமாமே?" என்று கேட்டார்கள். பெரிய டிவிக்கும் ஏசிக்கும் 28 விழுக்காடு 18 ஆனது உண்மைதான். போனுக்கு ஏற்கெனவே 18; அது 2020 ஏப்ரல் 1ஆம் தேதி 12இலிருந்து 18 ஆக்கப்பட்டது, இப்போதும் அதிலேயே நிற்கிறது. இதை நான் எத்தனை முறை சொன்னாலும், விற்பனைக்காகச் சொல்கிறேன் என்றே நினைத்தார்கள். பாளையங்கோட்டையிலிருந்து வந்த ஓர் அண்ணாச்சி, கையில் பணத்தை வைத்துக்கொண்டே மூன்று முறை திரும்பிப் போய், 23ஆம் தேதி வந்து அதே விலைக்கு வாங்கினார். இடையில் அவர் விரும்பிய நீல நிறம் தீர்ந்திருந்தது.

வட்டியில்லாத் தவணை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் புதிய போன் வரும் நேரத்தில் கோபம் அதிகம் வருவது இதில்தான். வட்டி இல்லை என்பதன் பொருள், வங்கி வட்டி போடுவதில்லை என்பதன்று. வங்கி போடும் வட்டிக்குச் சமமான தொகையை விலையில் முன்கூட்டியே தள்ளுபடியாகக் கழித்துவிடுகிறார்கள். ஆனால் அந்த வட்டியின் மீது விழும் 18 விழுக்காடு ஜிஎஸ்டியை யாரும் கழிப்பதில்லை. ஆண்டுக்கு 16 விழுக்காடு வட்டியில் ஆறு மாதத் தவணையாக 82,900 ரூபாய் போனை எடுத்தால், வட்டி சுமார் 3,730. அதன் மீது வரி ஏறத்தாழ 670 ரூபாய். பெரும்பாலும் செயலாக்கக் கட்டணம் வேறு உண்டு. ஆயிரம் ரூபாய்க்குள் முடிகிற விஷயந்தான். ஆனாலும் முதல் மாதக் கார்டு அறிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து எங்களிடம் சண்டை போடுகிறவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். வாங்குமுன் இதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை என்பதால் கோபம் நியாயமானதே.

இன்னொரு வேடிக்கை. போன் வெளியாவதற்கு முன்பே அதன் கவர்கள் எங்கள் கடைக்கு வந்துவிடும். கசிந்த அளவுகளை வைத்து எங்கோ அச்சு வார்த்துவிடுகிறார்கள். ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஒரு பெட்டி வந்தது. இன்னும் பிறக்காத பிள்ளைக்குச் சட்டை தைத்தது போல அதை எடுத்து எடுத்துப் பார்த்தோம். போன் வந்த அன்று போட்டுப் பார்த்தால் பெரும்பாலானவை கச்சிதமாகப் பொருந்தின. ஒரு வகையில் மட்டும் பக்கவாட்டுப் பொத்தானுக்கு விட்ட துளை ஒரு நூல் தள்ளி நின்றது. அவற்றை அனுப்பியவர்கள் இன்னும் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

கோவையின் பழைய மாணவன்

நீங்கள் எல்லோரும் நாட்களைக் கணக்கிடுகிறீர்கள். நாங்கள் வினாடிகளைக் கணக்கிட்ட காலம் ஒன்று உண்டு. 2014 ஜூலை 22, செவ்வாய்க்கிழமை, நண்பகல் 12 மணி. ஷாவ்மி நிறுவனத்தின் மி 3, இந்தியாவில் முதல் விற்பனை, விலை 13,999. அந்தக் காலத்தில் அதே பிராசசரைக் கொண்ட மற்ற போன்கள் ஏறத்தாழ இருமடங்கு விலையில் இருந்தன. விடுதியில் நால்வர் நான்கு கணினிகளில் உட்கார்ந்து, வங்கிக் கார்டின் எண்ணை மனப்பாடம் செய்து, பதினொன்றேமுக்காலிலிருந்து பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தோம். 12 மணிக்குச் சக்கரம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. எங்கள் விடுதி இணைப்பின் வேகத்துக்கு அது நியாயமான தீர்ப்புதான். முதல் விற்பனையாவது ஒரு மணி நேரத்துக்குள் தீர்ந்தது. அடுத்தடுத்த வாரங்களில் சில வினாடிகளில் தீர்ந்தது. செப்டம்பரில் ரெட்மி 1எஸ் 40,000 போன்கள் 4.2 வினாடிகளில் விற்றதாக அந்த நிறுவனமே அறிவித்தது.

நான்கு வாரம் தோற்ற பிறகு வேறொரு போனை வாங்கிக்கொண்டேன். ஆனால் அந்த நான்கு வாரமும் நான் அந்தப் போனைப் பற்றி ஒரு குறைகூடப் படிக்கவில்லை என்பது பிறகுதான் உறைத்தது. கிடைக்குமா என்ற கேள்வி, வேண்டுமா என்ற கேள்வியை விழுங்கிவிட்டது.

நாமக்கல்லிலிருந்து ஒரு தங்கை

என்னுடையது சற்று வேறு வகைக் காத்திருப்பு. 2022 செப்டம்பரில் ஐபோன் 14 வந்தபோது, நியூ ஜெர்சியில் இருக்கும் அண்ணன் பொங்கலுக்கு வரும்போது அப்பாவுக்கு ஒன்று வாங்கி வருவதாகச் சொன்னார். அங்கே 799 டாலர், இங்கே 79,900 ரூபாய். ஸ்ரீபெரும்புதூரில் பொருத்தப்படுகிற பொருள் அங்கே மலிவாகவும் இதே தமிழ்நாட்டில் இருக்கும் நமக்கு அதிக விலையாகவும் இருப்பது என்ன நியாயம் என்று அப்பா பொருமினார். நான் கணக்கிட்டுப் பார்த்தேன். நம் விலைக்குள் ஜிஎஸ்டி அடங்கியிருக்கிறது; அதை எடுத்துவிட்டால் சுமார் 67,700. அங்கே சொல்லும் விலையில் மாநில வரி சேராது. நியூ ஜெர்சியின் 6.625 விழுக்காட்டைச் சேர்த்து, டாலருக்கு 80 ரூபாய் என்று போட்டால் 68,000ஐத் தாண்டுகிறது. வரிகளோடு ஒப்பிட்டால் மிச்சம் ஏறத்தாழ 12,000 ரூபாய். குறைவில்லை என்று எண்ணி, வாங்கி வரச் சொல்லிவிட்டோம்.

பெட்டியைப் பிரித்து அப்பா தம் சிம் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்த காட்சியை மறக்க முடியாது. 14 முதல் அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் சிம் போடும் தட்டே கிடையாது, அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் இ-சிம் மட்டுந்தான். அப்பாவின் எண் இருபது ஆண்டுப் பழக்கமுள்ளது, அந்த நிறுவனமோ எங்கள் பகுதியில் அப்போது இ-சிம் வழங்கவில்லை. எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றி, அது நடந்து முடியும் வரை பழைய போனையும் புதிய போனையும் இரண்டு பைகளில் சுமந்தார். மிச்சப்படுத்திய 12,000த்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

அண்ணனை நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். விலையைக் கேட்ட நான் சிம் தட்டைக் கேட்கவில்லை.

செவிவழி வாசகன், திருச்சி

எனக்குப் பார்வை இல்லை. ஆண்ட்ராய்டு போனை, திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் டாக்பேக் வழியாகப் பயன்படுத்துகிறேன். புதிய போன் அறிமுகமாகும்போது மேடையில் கேமராவைப் பற்றி நாற்பது நிமிடம் பேசுவார்கள். நான் காத்திருப்பது வேறு இரண்டு செய்திகளுக்காக, அவற்றை மேடையில் யாரும் சொல்வதில்லை.

ஒன்று, கைரேகை உணரி எங்கே இருக்கிறது என்பது. பக்கவாட்டுப் பொத்தானில் இருந்தால் பையிலிருந்து எடுக்கும்போதே விரல் அதன் மேல் விழுந்து போன் திறந்துவிடும். திரைக்கு அடியில் போய்விட்டால், வழவழப்பான கண்ணாடியில் எந்த இடம் என்று தடவித் தேட வேண்டும். "விரலை மேலே நகர்த்துங்கள்" என்று சில போன்கள் குரலில் வழிகாட்டும். பேருந்து நிலையத்தில் அந்தக் குரல் கேட்காது. மற்றொன்று, இயர்போன் செருகும் துளை. ப்ளூடூத் இயர்போனில் பாட்டுக் கேட்பவர்களுக்குத் தெரியாத ஒரு சிறு தாமதம் அதில் உண்டு. எழுத்துக்கு எழுத்து ஒலியைக் கேட்டுத் தட்டச்சுச் செய்கிறவனுக்கு அந்தத் தாமதம் வாக்கியத்துக்கு வாக்கியம் இடறும்.

ஆகவே நான் முன்பதிவு செய்வதில்லை. வெளிவந்த இரண்டாவது வாரம் கடைக்குப் போய், கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதை வெளியே எடுக்கச் சொல்லி, கவர் இல்லாமல் கையில் பிடித்துப் பார்க்கிறேன். பொத்தானைத் தொட்டுப் பார்ப்பதற்கு மட்டும் ஒருவன் வருவதை விற்பனையாளர்கள் விசித்திரமாகத்தான் நினைக்கிறார்கள் போலும். ஆசிரியர் வாங்கிய போனில் கைரேகை வசதியே இல்லை, முகத்தை வைத்துத்தான் திறக்க வேண்டும் என்று கேள்விப்பட்டேன். கண்கள் கேமராவை நோக்காதவருக்கு அது திறக்குமா? யாராவது முயன்றிருந்தால் சொல்லுங்கள்.

கும்பகோணம் கணக்காசிரியர்

திருச்சி நண்பருக்கு. உங்கள் கேள்வியைப் படித்த பிறகு அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தேன். கண்கள் திரையை நோக்க வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கிவிட ஒரு விருப்பம் இருக்கிறது. போனை முதன்முதலில் தொடங்கும்போதே, உங்கள் டாக்பேக் போல ஐபோனில் இருக்கும் வாய்ஸ்ஓவரை இயக்கினால் அந்தக் கட்டாயம் தானாகவே நீங்கிவிடும் என்றும் தெரிகிறது. நேற்று இரவு அதை நீக்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு முயன்றேன். முதல் இரண்டு முறை திறக்கவில்லை, ஏனெனில் போனை முகத்துக்கு மிக அருகில் பிடித்திருந்தேன். முழங்கையை மடக்கி, ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் நேராகப் பிடித்தபோது திறந்தது. கட்டாயத்தை நீக்கினால் நீங்கள் தூங்கும்போது வேறொருவர் உங்கள் முகத்துக்கு நேரே காட்டித் திறந்துவிடவும் முடியும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். பையிலிருந்து எடுக்கும்போதே திறக்கும் வசதி இதில் கிடைக்காது. இயர்போன் துளையும் இதில் இல்லை.