லண்டனின் ‘ஸ்னிஃபின் குளூ’ பங்க் சஞ்சிகை 12 இதழ்களுடன் நின்றது ஏன்?

கேள்வி: வெள்ளவத்தை வாசகர்

வணக்கம். கொழும்பில் சிறிய மண்டபங்களில் பாடும் இளைஞர் குழுக்களைப் பற்றித் தமிழில் ஒரு சஞ்சிகை கொண்டுவர வேண்டும் என்று நாங்கள் சிலர் பேசிவருகிறோம். சினிமாப் பாடல்களுக்கு வெளியே இங்கு என்ன நடக்கிறது என்பதை எழுத வேறு இடமே இல்லை. முன்மாதிரி தேடியபோது, பங்க் என்னும் எளிய, முரட்டு ராக் இசைக்காக 1976 இல் லண்டனில் தொடங்கிய ‘ஸ்னிஃபின் குளூ’வின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. அது என்ன வசதிகளுடன் தொடங்கியது, நன்றாக விற்றுக்கொண்டிருக்கையில் ஏன் நிறுத்தப்பட்டது என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டும். மூன்று கிற்றார் கோட்களை (ஒன்றாக மீட்டும் சுரக்கூட்டுகளை) வரைந்து, “இனி ஒரு குழுவைத் தொடங்குங்கள்” என்று சொல்லும் புகழ்பெற்ற பக்கமும் இதில்தான் வந்ததா?

பதில்: இசைத்தட்டுச் சேகரிப்பாளர், தெஹிவளை

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பக்கம் 1977 ஜனவரியில் ‘சைட்பேர்ன்ஸ்’ என்ற வேறொரு சிறுசஞ்சிகையில் வந்தது. ‘ஸ்னிஃபின் குளூ’வின் கணக்கில் அதைச் சேர்ப்பது பரவலான தவறு.

வசதி என்று சொல்லும்படி, அதைத் தொடங்கிய மார்க் பெர்ரியிடம் எதுவும் இருக்கவில்லை. அவர் அப்போது 19 வயதான வங்கி எழுதுவினைஞர். 1976 யூலைத் தொடக்கத்தில் நியூயோர்க்கின் ரமோன்ஸ் என்ற பங்க் குழு லண்டனுக்கு வந்து பாடியது. இத்தகைய குழுக்களைப் பற்றி வாசிக்க ஏதாவது கிடைக்குமா என்று இசைத்தட்டுக் கடையில் விசாரித்தவர், எதுவும் இல்லை என்றறிந்து, அதே மாதத்தில் தாமே எழுதி வெளியிட்டார். சஞ்சிகையின் பெயரையும் அக்குழுவின் பாடலொன்றிலிருந்தே எடுத்துக்கொண்டார். கட்டுரைகள் தட்டச்சில் இருந்தன. தலைப்புகளைத் தடித்த மைப்பேனையால் எழுதினார். பிழைகளை வெட்டிவிட்டு, வெட்டிய கோட்டுடனேயே பக்கத்தை விட்டுவிட்டார். முதல் இதழின் 50 பிரதிகளை அவருடைய காதலி தாம் வேலை செய்த அலுவலகத்தின் போட்டோக்கொப்பி இயந்திரத்தில் எடுத்துக்கொடுத்தார். ஓராண்டு கழிந்தபோது விற்பனை 10,000 பிரதிகளைத் தாண்டியிருந்தது.

அது தோல்வியால் நிற்கவில்லை என்பதே என் உறுதியான கருத்து. லண்டன் பங்க் குழுவான கிளாஷ் 1977 ஜனவரியில் சிபிஎஸ் என்ற பெரிய இசைத்தட்டு நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்ததை பெர்ரி வெளிப்படையாகக் கண்டித்தார். முன்பு பங்கைப் பொருட்படுத்தாத இசை வார இதழ்களும் அதன் பின்னால் ஓடத் தொடங்கியிருந்தன. தம்மை மட்டும் வாசித்துக்கொண்டிராமல் சொந்தச் சஞ்சிகைகளைத் தொடங்குமாறு அவர் வாசகர்களைத் தூண்டிவந்தார்; 1976 முடிவதற்குள் கிளாஸ்கோவில் ‘ரிப்ட் அண்ட் டோர்ன்’ என்ற சிறுசஞ்சிகை வந்துவிட்டது. தாம் தொடங்கிய ஆல்டர்நேட்டிவ் டிவி குழுவின் பாடலை மெல்லிய நெகிழ் இசைத்தட்டாக 12 ஆம் இதழுடன் இணைத்து வழங்கி, அத்துடன் நிறுத்திக்கொண்டார். சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தவர், பெயருக்காக இழுத்துக்கொண்டு போகவில்லை.

பதில்: பழைய அச்சுத் தொழிலாளி, கொட்டாஞ்சேனை

தம்பி, இயந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் எங்கள் கையில் இருந்தது றோணியோ என்ற நகலெடுக்கும் இயந்திரம். நாடாவை விலக்கிவிட்டு மெழுகுத்தாளில் நேரடியாகத் தட்டச்சு செய்வோம். எழுத்து விழுந்த இடத்தில் மெழுகு விலக, அதனூடாக மை தாளில் இறங்கும். அழுத்தம் கூடினால் வட்ட எழுத்துகளின் நடுப்பகுதி கழன்று விழுந்து, அச்சில் கறுப்புப் பொட்டாகத் தெரியும். தமிழில் வட்டம் இல்லாத எழுத்துகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள், எங்கள் பாடு புரியும். படம் வேண்டுமானால் எழுத்தாணியால் கோடு கீறலாம். புகைப்படத்தை வெட்டி ஒட்ட வழியில்லை. போட்டோக்கொப்பியில் எதை ஒட்டினாலும் வரும். பங்க் சஞ்சிகைகளின் வெட்டி ஒட்டிய முகத்தை உருவாக்கியதில் அந்த இயந்திரத்துக்குப் பெரும் பங்குண்டு.

கேள்வி கேட்டவர்

நன்றி ஐயா. அப்படியானால் நாங்கள் கணினியில் அழகாக வடிவமைத்து வெளியிடுவது அந்த உணர்வுக்கு முரணாகுமா?

பதில்: சிறுசஞ்சிகை வாசகி, கொழும்பு 13

முரணாகாது. பெர்ரி கைக்கு எட்டிய கருவியைப் பயன்படுத்தினார்; உங்கள் கைக்கு எட்டியது கணினி. இந்த உழைப்புக்கு நம்மிடையேயும் முன்னோர் உண்டு. 1966 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்தில் ‘மல்லிகை’யைத் தொடங்கிய டொமினிக் ஜீவா, முடிதிருத்தும் நிலையத்தில் உழைத்துக்கொண்டே அதை நடத்தினார், இதழ்களைத் தாமே சுமந்து சென்று கையில் கொடுத்து விற்றார், பின்னர் கொழும்பு ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து அது தொடர்ந்து வெளிவந்தது. இசையும் இலக்கியமும் வேறு வேறு உலகங்கள்தான். ஆனால் எழுதியவரே வாசகரின் முகத்தைப் பார்த்து விற்கும்போது, எது சலிப்பூட்டியது என்பது அடுத்த இதழுக்கு முன்பே தெரிந்துவிடும். ஆகவே முதல் இதழைக் கடையில் போடாமல், பாடல் நடக்கும் மண்டப வாசலிலேயே விற்றுப் பாருங்கள்.

இன்னொன்று: ஒவ்வோர் இதழிலும் திகதியையும் இதழ் எண்ணையும் தவறாமல் அச்சிடுங்கள். கொழும்பின் கடற்காற்றில் கம்பி ஊசி விரைவில் துருவேறித் தாளைத் தின்றுவிடும். சேமிப்புக்கான பிரதிகளை நூலால் தையுங்கள். இலங்கைத் தமிழ் ஆவணங்களை 2005 முதல் எண்ணிமமாக்கிவரும் நூலகம் திட்டத்துக்கும் ஒரு பிரதியை அனுப்பிவையுங்கள்.